படைத்தவர் விருப்பமும் கேட்பவர் விருப்பமும்

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. பெற்ற அன்பு குறைகளைக் காணவிடாது என்பது அதன் கருத்து. ஆனால் அப்பழமொழி ஒரு கேள்விக்கு விடை கூறவில்லை. குஞ்சுகள் பல இருக்க, அவற்றுள் மிகச் சிறந்த பொன் எது என்று காக்கையை வினவினால், அது எதனைச் சுட்டிக் காட்டும்? ஊரார் கூடிக் கொண்டாடும் குஞ்சையா? ஒருவரும் திரும்பிப் பாராத குஞ்சையா?

கலைஞர்களிடம் உலகம் இக்கேள்வியை ஓயாமல் கேட்டு வருகிறது. "நீங்கள் படைத்தவற்றுள் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?" என்பதே அது. கேட்பவர் ஒரு விடையை எதிர்பார்த்துக் கேட்கிறார். கலைஞரோ வேறொரு விடையைத் தருகிறார். உலகம் புகழும் படைப்பை அவர் கூறுவதில்லை. மூலையில் கிடந்த ஒன்றை எடுத்துக் காட்டி, இதுவே எனக்கு உவப்பானது என்கிறார். அவ்வளவில் ரசிகர்களிடையே வாதம் எழுகிறது. இத்தகைய வாதத்தில் யார் பக்கம் நியாயம் இருக்கிறது, அதனால் நமக்கு விளையும் பயன் யாது என்பதை இன்று ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு ஆராய விரும்புகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் தோன்றிய ‘பீட்டில்ஸ்’ இசைக்குழு. லிவர்பூல் என்னும் துறைமுக நகரில் பிறந்து வளர்ந்த நான்கு இளைஞர் அக்குழுவினர். ஜான் லெனனும் பால் மக்கார்ட்னியும் 1957-ஆம் ஆண்டில் ஒரு மாதாகோயில் விழாவில் முதன்முதலாகச் சந்தித்தபோது பள்ளி மாணவர்களாக இருந்தனர். பின்னர் ஜார்ஜ் ஹாரிசன் கிட்டார் வாசிக்க வந்து சேர்ந்தார். 1960-இல் குழுவுக்குப் பெயர் நிலைத்தது. 1962-இல் டிரம் வாசிக்கும் ரிங்கோ ஸ்டார் இணைந்தார். அவ்வாண்டு அக்டோபரில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1970 ஏப்ரலில் குழு பிரிந்த செய்தி உலகறிந்தது. இடைப்பட்ட காலம் எட்டாண்டுக்கும் குறைவு. அதற்குள் 200-க்கும் மேற்பட்ட பாடல்களை அவர்கள் பதிவு செய்துவிட்டனர். அப்பாடல்களைப் பெரும்பாலும் இயற்றியவர்கள் லெனனும் மக்கார்ட்னியும். ஹாரிசனும் சில அரிய பாடல்களைத் தந்தார்.

குழு கலைந்த பின்னர் நால்வரையும் செய்தியாளர் பலமுறை பேட்டி கண்டனர். எந்தப் பாட்டு பிடிக்கும், எந்தத் தொகுதி பிடிக்கும் என்ற கேள்வி அப்பேட்டிகளில் தவறாமல் வந்தது. அவர்கள் அளித்த விடைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

ரிங்கோ ஸ்டாரிடம் தொடங்குவோம். தாம் வாசித்த அனைத்துள்ளும் ‘ரெயின்’, அதாவது மழை என்ற பாட்டில் வாசித்ததே தமக்கு மிகவும் பிடித்தது என்று அவர் பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். அதைக் கேட்கும்போது தாம் வாசித்ததாகவே தோன்றவில்லை, வேறொருவர் வாசித்தது போலிருக்கிறது என்றும் வியந்திருக்கிறார்.

இவ்விடை ஏன் வியப்பளித்தது? அக்காலத்துச் சிறு இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாடல்களே இருக்கும். மக்கள் விரும்பி வாங்குவர் என்று எதிர்பார்க்கப்படும் பாட்டை முதற் பக்கத்தில் வைப்பர். மறுபக்கத்துப் பாட்டு பெரும்பாலும் துணைக்கு வருவது. 1966 ஜூனில் இங்கிலாந்தில் வெளிவந்த தட்டின் முதற் பக்கத்தில் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ என்ற பாட்டு இருந்தது. ‘ரெயின்’ மறுபக்கத்துப் பாட்டு. அக்காலத்தில் அது எந்தத் தொகுதியிலும் சேர்க்கப்படவில்லை.

ஆயினும் ரிங்கோவின் சொல்லைக் கேட்டு அத்தட்டின் மறுபக்கத்தைச் சுழலவிட்டவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டனர். அப்பாட்டின் வாத்தியங்களை வேகமாக வாசித்து ஒலி நாடாவில் பதிந்து, பின்னர் அந்நாடாவை மெதுவாக ஓடவிட்டனர். நாடாவின் ஓட்டம் மெதுவானால் சுருதி தாழும். டிரம்மின் ஒலி கனத்து, ஈரமண்ணில் விழும் மழையைப் போல ஆழ்ந்து கேட்கிறது. மேலும் ரிங்கோ இடக்கைப் பழக்கம் உடையவர். வலக்கையர்க்கென அமைந்த டிரம் வரிசையின் முன் அமர்ந்து வாசிப்பவர். ஆகவே ஒரு டிரம்மிலிருந்து மற்றொன்றுக்கு அவர் கை செல்லும் முறை பிறருடைய முறையினின்றும் வேறுபட்டது. பாட்டின் அடிகளுக்கு இடையே அவர் நிரப்பும் தாளக்கோவைகளில் அவ்வேறுபாடு ‘ரெயின்’ பாட்டில் தெளிவாகத் தெரிகிறது. கேளாமல் விட்டிருந்த ஒன்றை, வாசித்தவரின் ஒரு சொல் கேட்கச் செய்தது.

இனி, பால் மக்கார்ட்னியின் விடையைப் பார்ப்போம். பெரும் வாதத்திற்கு இடமளித்தது இதுதான். ‘யெஸ்டர்டே’, ‘ஹே ஜூட்’, ‘லெட் இட் பீ’ போன்ற பாடல்களை இயற்றிய அவர், மார்க் லூயிசன் என்னும் ஆய்வாளர் பீட்டில்ஸின் ஒலிப்பதிவுகளைப் பற்றி எழுதி 1988-இல் வெளியிட்ட நூலுக்கு அளித்த பேட்டியில், பீட்டில்ஸ் பதிவுகளுள் தமக்கு மிகவும் பிடித்தது அநேகமாக ‘யூ நோ மை நேம்’ என்பதே என்றார்.

இது எத்தகைய பாட்டு? பாட்டு என்று அதனைச் சொல்லலாமா என்றே சிலர் ஐயுறுவர். தொலைபேசி விவர நூல் ஒன்றில் லெனன் கண்ட ஒரு வாசகத்தினின்றும் அது பிறந்தது. தலைப்பிலுள்ள சொற்களையே மீண்டும் மீண்டும் சொல்வதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை. முதலில் உரத்த கூச்சலாகப் பாடுகிறார்கள். பிறகு இரவு விடுதிப் பாடகர் ஒருவரைப் பழிப்பவர் போலக் குழைகிறார்கள். அதன்பின் கிழவர் குரலில் வேடிக்கை காட்டுகிறார்கள். முடிவில் எவர்க்கும் விளங்காத முணுமுணுப்பு. இடையில், அவர்களுடைய உதவியாளர் ஒருவர் சரளைக் கற்களை மண்வாரியால் கிளறும் ஓசையும் உண்டு. ‘லெட் இட் பீ’ என்னும் உருக்கமான பாட்டின் மறுபக்கமாக இது 1970 மார்ச்சில் வெளிவந்தது. முதற் பக்கத்தைக் கேட்டுக் கண் கலங்கியவர் தட்டைத் திருப்பிப் போட்டால் எவ்வாறு திகைத்திருப்பார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இவ்விடையைக் குறித்து ரசிகர்கள் மூன்று அணிகளாகப் பிரிவதைக் காணலாம். "இயற்றியவரே கூறிவிட்டார், அவரைவிட அறிந்தவர் யார்? ஆகவே அதுவே உயர்ந்தது" என்பது முதல் அணி. "அவர் விளையாட்டாகச் சொன்னார்; அதனைப் பொருட்படுத்துதல் வேண்டா" என்பது இரண்டாம் அணி. "படைத்ததோடு அவர் பணி முடிந்தது, தரம் காண்பது கேட்பவர் உரிமை, அவர் சொல்லுக்கு இங்கு இடமே இல்லை" என்பது மூன்றாம் அணி. இம்மூன்றும் ஒரு பாட்டைப் பற்றிய பேச்சாக மட்டும் நின்றுவிடுவன அல்ல. ஒரு நூலைப் பற்றியோ ஓவியத்தைப் பற்றியோ நாம் வாதிடும்போதும் இம்மூன்றில் ஒன்றையே பற்றிக்கொள்கிறோம். ஆதலின் ஒவ்வொன்றையும் சற்று நின்று ஆராய்வது தகும்.

படைத்தவர் சொல்லே முடிந்த முடிபு என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். அவ்வாறாயின் ஜான் லெனனின் சொற்களை என் செய்வது? ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார் எவர்’ என்ற பாட்டை அவருடைய சிகரம் என்று கூறுவோர் பலர். 1966-ஆம் ஆண்டின் இறுதியில் பல வாரங்கள் உழைத்து அதனைப் பதிவு செய்தனர். வேகமும் சுருதியும் வேறுபட்ட இரண்டு பதிவுகளைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் அவருடன் பணியாற்றிய ஒலிப்பதிவாளரும் அரும்பாடுபட்டு ஒன்றாக இணைத்தனர். பல்லாண்டுகளுக்குப் பின் மார்ட்டின் லெனனைச் சந்தித்தபோது, தம் பாடல்கள் அனைத்தையும் திரும்பப் பதிவு செய்ய விரும்புவதாக லெனன் கூறினாராம். அந்தப் பாட்டையுமா என்று மார்ட்டின் வியந்து கேட்க, அதனையே முதன்மையாக என்று விடை வந்ததாம். இதனை மார்ட்டினே கூறியிருக்கிறார். படைத்தவர் சொல் முடிந்த முடிபு எனின், உலகம் போற்றும் அப்பாட்டை நாம் அனைவரும் குறையுடையது என்று ஒதுக்கவேண்டியிருக்கும்.

மற்றொன்றையும் நோக்குங்கள். 1965-இல் வெளிவந்த ‘ரப்பர் சோல்’ என்ற தொகுதியின் கடைசிப் பாட்டு ‘ரன் ஃபார் யுவர் லைஃப்’. பொறாமை கொண்ட ஒருவன் தன் காதலியை உயிருக்கு அஞ்சுமாறு மிரட்டுவது அதன் பொருள். அதனை இயற்றிய லெனனுக்கு அது பிடிக்கவில்லை. தாம் பெரிதாக மதிக்காத பாட்டு என்று பின்னாளில் அவர் ஒதுக்கினார்; ஆனால் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அது எப்போதும் பிடித்த பாட்டாக இருந்தது என்றும் அவரே சொன்னார். ஒரே கூடத்தில் ஒரே நாளில் ஒருங்கிருந்து பதிவு செய்த இருவருள் ஒருவர் வெறுக்கிறார், ஒருவர் விரும்புகிறார். யார் சொல்லை முடிந்த முடிபாகக் கொள்வது?

படைத்தவரின் நினைவும் எக்காலும் பிழைபடாதது அன்று. ‘ரெயின்’ பாட்டின் இறுதியில் லெனனின் குரல் பின்னிருந்து முன்னாக ஓடுகிறது. இவ்வுத்தி எவ்வாறு தோன்றியது? ஒலி நாடாவை வீட்டிற்கு எடுத்துச் சென்று தவறுதலாகத் தலைகீழாக ஓடவிட்டபோது தமக்கு அது தோன்றியது என்றார் லெனன். கூடத்தில் தாமே அதனைச் செய்து காட்டியதாக மார்ட்டின் கூறினார். இருவரும் உண்மை பேசுவதாகவே நம்பியவர்கள். ஆனால் இரண்டும் ஒருங்கே உண்மையாதல் அரிது. தன் படைப்பு எவ்வாறு தோன்றியது என்பதிலேயே நினைவு இவ்வாறு மாறுபடுமாயின், அப்படைப்பின் தகுதியைப் பற்றிய அவர் தீர்ப்பை ஆராயாமல் ஏற்பது எங்ஙனம்? நம் முன்னோர் ஒரு நூலை அரங்கேற்றிய பின்னரே ஏற்றனர். இயற்றிய புலவர் ஒருபுறம் இருக்க, கேட்கும் அவைக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது.

இனி இரண்டாம் அணியின் கூற்று: மக்கார்ட்னி விளையாட்டாகச் சொன்னார் என்பது. அவர் நகைச்சுவை உணர்வு மிக்கவர் என்பது உண்மையே. ஆயினும் அப்பாட்டு பதிவான வரலாற்றை அறிந்தால் அவ்விடையை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது.

அதனை அவர்கள் 1967 மே மாதத்தில் தொடங்கினர். ஜூனில் மற்றொரு புகழ்பெற்ற குழுவான ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் பிரையன் ஜோன்ஸ் அழைப்பின்பேரில் வந்தார். அவர் கிட்டாருடன் வருவார் என்று மக்கார்ட்னி எதிர்பார்த்திருக்க, அவரோ ஒரு சாக்ஸபோனுடன் வந்து நின்றார். சரி, அதையே வாசியுங்கள் என்று சொல்லிப் பதிவு செய்தனர். பின்னர் அந்நாடா ஏறத்தாழ ஈராண்டுகள் முடிவு பெறாமல் கிடந்தது. 1969 ஏப்ரல் 30-ஆம் நாள் லெனனும் மக்கார்ட்னியும் அதனை மீண்டும் எடுத்துத் தங்கள் குரல்களைப் பதிந்து நிறைவு செய்தனர்.

அந்த 1969-ஆம் ஆண்டு எத்தகையது என்பதை நாம் அறிவோம். அவ்வாண்டு ஜனவரியில் நால்வரும் கூடிய பதிவு நாட்கள் மனக்கசப்பில் கழிந்தன; ஹாரிசன் சில நாட்கள் குழுவை விட்டே விலகியிருந்தார். இளவேனிலில் குழுவின் வரவு செலவுகளை யாரிடம் ஒப்படைப்பது என்ற பூசல் முற்றியது. மக்கார்ட்னி ஒருபுறமும் மற்ற மூவர் ஒருபுறமுமாகப் பிரிந்தனர். அத்தகைய நாட்களில், பள்ளிப் பருவத்திலிருந்து பழகிய இரு நண்பர்கள் ஓர் இரவு ஒலிவாங்கியின் முன் நின்று, குரலை மாற்றி மாற்றிப் பேசி நகைத்து ஒரு வேடிக்கைப் பாட்டை முடித்தனர். அப்பாட்டின் பித்துக்குளித்தனத்தையும் அதனைச் செய்தபோது கிட்டிய களிப்பையும் நினைந்தே மக்கார்ட்னி அதனை விரும்புவதாகக் கூறினார். பிரையன் ஜோன்ஸ் 1969 ஜூலையில் இறந்தார். லெனன் 1980 டிசம்பர் 8-ஆம் நாள் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கார்ட்னி அவ்விடையைக் கூறியது இவற்றிற்கெல்லாம் பின்னர். அந்த நாடாவில் நாம் கேட்பது ஒரு கேலிப்பாட்டு. அவர் கேட்பது மறைந்த நண்பரின் சிரிப்பு. இதனை விளையாட்டென்று ஒதுக்க மனம் வருமா?

மூன்றாம் அணியோ படைத்தவர் சொல்லுக்கு இடமே இல்லை என்கிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு. கேட்பவரின் தீர்ப்பு கேட்பவருடையதே. ஆனால் படைத்தவர் அறிந்த சிலவற்றை நாம் வேறு வழியில் அறிய இயலாது என்பதை இவ்வணியினர் மறந்துவிடுகின்றனர்.

1967-இல் வெளிவந்த ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ என்ற தொகுதி இருபதாம் நூற்றாண்டின் பெரும் இசைச் சாதனைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அவ்வாண்டின் சிறந்த தொகுதிக்குரிய கிராமி பரிசு 1968-இல் அதற்குக் கிடைத்தது. அதனைப் பற்றிய தம் பெரிய நினைவு யாதென ரிங்கோ கூறுகிறார் தெரியுமா? சதுரங்கம் ஆடக் கற்றுக்கொண்டதுதான்! தம் டிரம் வாசிப்பு முடிந்தபின், மற்றவர்கள் வாத்தியத்தின்மேல் வாத்தியமாகச் சேர்த்துப் பதிந்துகொண்டிருக்க, அவர் பொழுதெல்லாம் காத்திருந்தார். ஆகவே 1968-இல் வெளிவந்த, ‘வெள்ளைத் தொகுதி’ என்று வழங்கும் 30 பாடல்கள் கொண்ட தொகுதியே அதனைவிடச் சிறந்தது என்பது அவர் கருத்து. அதன் முடிவில் தாங்கள் மீண்டும் ஒரு குழுவாக இயங்கினோம் என்கிறார். இதில் ஒரு வியப்பும் உண்டு. அந்த வெள்ளைத் தொகுதியின் பதிவின்போதுதான், தம்மை யாரும் மதிக்கவில்லை என்றெண்ணி அவர் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் குழுவை விட்டு நீங்கினார். திரும்பி வந்தபோது அவருடைய டிரம் வரிசை முழுவதையும் தோழர்கள் மலர்களால் அலங்கரித்து வைத்திருந்தனர். அத்தொகுதியை அவர் விரும்புவதற்கு அம்மலர்களும் ஒரு காரணமோ என்று நாம் எண்ணலாம்.

லெனனும் ‘பெப்பர்’ தொகுதியைவிட வெள்ளைத் தொகுதியையே விரும்பினார். இருவர் சொல்லையும் கேட்டபின் அவ்விரு தொகுதிகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் சிற்பியின் நுணுக்கமான வேலைப்பாடு தெரியும். மற்றொன்றின் சில பாடல்களில் நான்கு பேர் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பது தெரியும். எது சிறந்தது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஆனால் இவ்வேறுபாட்டைச் சுட்டிக் காட்டியவர்கள் உள்ளே இருந்தவர்கள். அவர்கள் சொல்லுக்கு இடமில்லை என்பவர் இத்துணை பெரிய உதவியை இழந்துவிடுகிறார்.

அங்ஙனமாயின் மூன்று அணிகளும் வழுவியது எங்கே? "பிடித்தது எது" என்ற கேள்வி பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும், உண்மையில் அதற்குள் பல கேள்விகள் மறைந்திருக்கின்றன. இயற்றப்பட்ட பாட்டு சிறந்ததா என்பது ஒரு கேள்வி. அதன் சொற்கள் சிறந்தனவா என்பது மற்றொரு கேள்வி. வாசிப்பும் பதிவும் சிறந்தனவா என்பது மூன்றாவது. அதனைச் செய்த நாளின் நினைவு இனியதா என்பது நான்காவது. ரிங்கோ தம் வாசிப்பைப் பற்றிச் சொன்னார். மக்கார்ட்னி ஒரு நாளின் களிப்பைப் பற்றிச் சொன்னார். அதே மக்கார்ட்னி, இயற்றிய பாட்டு என்ற முறையில் பேசும்போது, 1966-இல் வெளிவந்த ‘ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்’ என்ற காதற் பாட்டையே தமக்குப் பிடித்தவற்றுள் ஒன்றாகப் பலமுறை கூறியிருக்கிறார். இரு விடைகளும் முரண்பட்டவை என்று வாதிடுவோர் உண்டு. முரண் ஒன்றும் இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள்.

இதனை நன்கு விளக்கும் பாட்டு ஒன்று உண்டு. ‘அக்ராஸ் தி யூனிவர்ஸ்’ என்பது அதன் பெயர். தாம் எழுதிய சொற்களுள் மிகச் சிறந்தவை இப்பாட்டில் உள்ளவையாக இருக்கலாம் என்றும், இசையின் துணையின்றியே கவிதையாக நிற்கக் கூடியவை என்றும் லெனன் 1970-ஆம் ஆண்டின் இறுதியில் அளித்த ஒரு பேட்டியில் பெருமிதத்தோடு கூறினார். ஆனால் அதே பாட்டின் பதிவைக் குறித்து அவர் கடைசிவரை மனக்குறை கொண்டிருந்தார். கிட்டார்களும் தம் குரலும் சுருதி பிசகின, தோழர்கள் போதிய கருத்துச் செலுத்தவில்லை என்பது அவர் முறையீடு.

1968 பிப்ரவரியில் அதனைப் பதிவு செய்த நாளன்று, உச்சக் குரலில் பாட யாரேனும் வேண்டியிருந்தது. லண்டனில் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் வாயிலில் ரசிகைகள் நாள்தோறும் காத்து நிற்பது வழக்கம். அவர்களுள் இருவரை உள்ளே அழைத்துப் பாடச் செய்தனர். அக்குரல்களோடு அப்பாட்டு 1969 டிசம்பரில், வனவிலங்குப் பாதுகாப்பு நிதிக்காக வெளியிடப்பட்ட ஒரு தொகுதியில் இடம்பெற்றது. 1970 மே மாதத்தில் ‘லெட் இட் பீ’ தொகுதியில் அப்பாட்டு மீண்டும் வந்தபோது ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர் பெரிய வாத்தியக் குழுவையும் பாடகர் குழுவையும் சேர்த்திருந்தார். அந்த ரசிகைகளின் குரல் நீங்கியிருந்தது. 2003-இல் இச்சேர்க்கைகளையெல்லாம் களைந்து மற்றொரு வடிவம் வெளியிட்டனர். இம்மூன்றில் எது சிறந்தது என்று ரசிகர்கள் வாதிட்டு வருகின்றனர். லெனன் அப்பாட்டைப் புகழ்ந்தார் என்று ஒருவரும், இகழ்ந்தார் என்று மற்றொருவரும் சான்று காட்டுவர். அவர் புகழ்ந்தது சொற்களை, இகழ்ந்தது பதிவை. கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் வாதத்தின் பாதி தானே அடங்கிவிடும். எஞ்சிய பாதியே வாதிடத் தக்கது.

மற்றொரு செய்தியையும் நான் சொல்லியாக வேண்டும். தம் பாடல்களை இத்துணைக் கடுமையாகப் பேசிய லெனன், தோழர்களின் பாடல்களைப் பற்றிப் பேசும்போது சில வேளைகளில் மிகத் தாராளமாக நடந்துகொண்டார். மக்கார்ட்னி இயற்றிய ‘ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்’ பீட்டில்ஸ் பாடல்களுள் தமக்குப் பிடித்தவற்றுள் ஒன்று என்று 1980-இல் கூறினார். ஹாரிசன் இயற்றிய ‘சம்திங்’ என்ற பாட்டை ‘அபி ரோட்’ தொகுதியின் மிகச் சிறந்த பாட்டு என்று 1969-இல் பாராட்டினார். தம்முடையதைக் கேட்கும்போது அவர் காதில் விழுந்தவை குறைகளும் கைகூடாமற்போன எண்ணங்களும். பிறருடையதைக் கேட்கும்போது அவரும் நம்மைப் போல ஒரு ரசிகராகிப் பாட்டை மட்டும் கேட்டார். படைத்தவர் தம் படைப்பைக் கேட்பதும் நாம் கேட்பதும் எவ்வளவு வேறுபட்ட செயல்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மாணவ நண்பர்களே, இவ்வளவும் கூறியதன் நோக்கத்தை இனிச் சொல்லிவிடுகிறேன். கல்விக் கூடத்தில் நாம் ஒரு பழக்கத்திற்கு ஆளாகிறோம். ஒரு நூல் சிறந்தது என்று எழுதவேண்டுமாயின், இன்னார் அவ்வாறு கூறினார் என்று மேற்கோள் காட்டுகிறோம். தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அப்பழக்கம் முற்றிவிட்டால், நமக்குப் பிடித்தது எது என்று சொல்வதற்கும் பிறர் வாயைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். இயற்றியவரே சொல்லிவிட்டார் என்று தலைகுனிவது பணிவு போலத் தோன்றும். காதைப் பயன்படுத்தும் உழைப்பிலிருந்து தப்புவதற்கு அது ஒரு வழியாகவும் இருக்கக் கூடும். மறுபுறம், எவர் சொல்லையும் கேட்கமாட்டேன் என்று நிமிர்வது துணிவு போலத் தோன்றும். அதுவும் அவ்வுழைப்பிலிருந்து தப்பும் வழியே. இரண்டிலும் பாட்டு கேட்கப்படாமல் போகிறது.

ஆகவே ஒரு கலைஞர் எதிர்பாராத ஒன்றைத் தமக்கு உவப்பானது என்று கூறினால், மூன்று செயல்களைச் செய்யுங்கள். எந்தக் கேள்விக்கு அவர் விடை கூறினார் என்று முதலில் கண்டறியுங்கள். பின்னர் அப்படைப்பிடம் திரும்பிச் சென்று, அவர் கேட்டது உங்கள் காதிலும் விழுகிறதா என்று பொறுமையோடு கேளுங்கள். அதன்பின் உங்கள் தீர்ப்பைக் காரணத்தோடு கூறுங்கள். அது அவர் தீர்ப்போடு ஒத்திருந்தால் மகிழ்ச்சி. ஒவ்வாதிருந்தாலும் குற்றமில்லை. ‘ரெயின்’ பாட்டைக் கேட்டு ரிங்கோவோடு நீங்கள் உடன்படலாம். ‘யூ நோ மை நேம்’ பாட்டைக் கேட்டு, எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் அவருக்கு ஏன் பிடித்தது என்பது விளங்குகிறது என்று சொல்லலாம். அவ்வாறு சொல்லத் தெரிந்தவரே நல்ல ரசிகர். அவரோடு வாதிடுபவர்க்கும் அவ்வாதத்தால் பயன் உண்டு.

நண்பரோடு வாதிடும்போதும் இம்முறையைக் கைக்கொள்ளுங்கள். அவருக்குப் பிடித்த பாட்டு உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றினால், உடனே நகைத்துவிடாதீர்கள். அதனை அவர் எப்போது, யாரோடு கேட்டார் என்று வினவுங்கள். மக்கார்ட்னிக்கு ஓர் இரவின் நினைவு இருந்தது போல அவருக்கும் ஒரு நினைவு இருக்கலாம். அதனை அறிந்தபின் பாட்டின் தகுதியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடுங்கள்.